கித்துல்வத்தை ஸ்டேஷனில் இறந்தவர்களுக்கு டிக்கெட்

1935ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் கண்டி நகரத்திலேயே கூட்டம் அதிகமாக இருந்த ரயில் ஸ்டேஷன், ரயில் வராத ஸ்டேஷன்தான்.

கித்துல்வத்தை என்று அதற்குப் பெயர். செவ்வாய், வெள்ளி பிற்பகலில் போனால் மேடையில் கால் வைக்க இடம் கிடைக்காது. தெல்தோட்டையிலிருந்து தேயிலைத் தோட்டத்து ஆட்கள் வந்திருப்பார்கள். அக்குறணை முஸ்லிம் கடைக்காரர்கள், பிலிமத்தலாவையிலிருந்து சிங்கள பௌத்தக் குடும்பங்கள், நகரத்துக்குள்ளிருந்து மோட்டாரில் கிறிஸ்தவக் கனவான்கள். நான்கு மதத்தாரும் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தார்கள். சமய ஒற்றுமை பற்றிக் கூட்டம் போட்டுப் பேசுகிறவர்கள் வந்து பார்த்துக் கற்றிருக்கலாம்.

எல்லோரும் வழியனுப்ப வந்தவர்கள். பயணம் போகிறவர்களை மட்டும் காணவில்லை. அவர்கள் செத்துப்போனவர்கள்.

அந்த ஸ்டேஷன் இந்த நிலைக்கு வந்தது எப்படி என்று சொல்லவேண்டும். தேயிலைப் பெட்டிகளை ஏற்றுவதற்காக வெள்ளைக்காரத் துரைமார் கேட்டு வாங்கிய ஸ்டேஷன் அது. மாத்தளைக்குப் போகும் பாதை மலையைக் குடைந்த சுரங்கத்துக்குள் நுழையும் முன், ஒரு குட்டைக் கிளை பிரிந்து வந்து அங்கே முடிந்தது. மேடைக்குப் பின்னாலேயே மலை. துரைசானிகள் காத்திருக்க நிலைக்கண்ணாடி வைத்த அறை ஒன்று. தோட்டத்து ஆட்கள் காத்திருக்க வெயிலும் மழையும். முப்பது வருடங்கள் நன்றாகத்தான் நடந்தது.

பிறகு பஸ் வந்தது. அக்குறணையில் புடவைக்கடை வைத்திருந்த பாயிஸ் என்பவர், கடையை விற்று ஒரு லொறியை வாங்கி, அதில் பலகை ஆசனம் அடித்து பஸ் ஆக்கினார். ரயில் ஸ்டேஷனில்தான் நிற்கும். பாயிஸின் பஸ் கை காட்டிய இடத்தில் நின்றது. கை காட்டாதவர்களுக்காகவும் நின்றது. கொஞ்சங் கொஞ்சமாக ஸ்டேஷனுக்கு வருவோர் குறைந்தார்கள். 1929இல் ஒரு நாள், கடைசி ரயில் வந்து கடிகாரத்தையும் உட்காரும் கதிரைகளையும் ஸ்டேஷன் மாஸ்டரையும் ஏற்றிக்கொண்டு போனது. பின்னால் கூலியாட்கள் வந்து தண்டவாளத்தையும் கழற்றினார்கள். மணியின் ஆணி துருப்பிடித்திருந்ததால் அதை மட்டும் விட்டுவிட்டார்கள். நிலைக்கண்ணாடி அறையில் ஆடுகள் குடியேறின.

அப்புறம் மலேரியாக் காய்ச்சல் வருடம் வந்தது. வீட்டுக்கு வீடு சாவு. மருந்து போதவில்லை, ஆஸ்பத்திரியில் இடம் போதவில்லை. அழுது முடிக்காதவர்கள் மட்டும் ஊரெல்லாம் நிறைய இருந்தார்கள். இப்படிப்பட்ட காலத்தில்தான் மகான்கள் அவதரிப்பார்கள். ராஜலிங்கம் என்பவர் காவி வேட்டியும், அதற்கு மேலே பித்தளைப் பொத்தான் வைத்த கறுப்புக் கோட்டும் அணிந்து அவதரித்தார். ஆடுகளை விரட்டினார். தம்மைப் பயணச் சாமி என்று அறிவித்தார்.

அவருடைய உபதேசம் எளிமையானது. காய்ச்சலில் ஒரே நேரத்தில் இத்தனை பேர் செத்ததால் மேலுலகம் போகும் வழி நெரிசலாகிவிட்டது. ஆவிகள் எல்லாம் கித்துல்வத்தை மேடையில் வந்து காத்துக் கிடக்கின்றன. யமதர்மன் பெரிய மனது வைத்து ரயில் விட்டிருக்கிறான். ஆனால் டிக்கெட் இல்லாமல் ஏற முடியாது. உறவுக்காரர்கள்தான் எடுத்துக் கொடுக்கவேண்டும்.

வகுப்பு மூன்று. மூன்றாம் வகுப்பில் ஆவி நின்றுகொண்டு போகும். இரண்டாம் வகுப்பில் பலகையில் உட்காரலாம். முதலாம் வகுப்பில் மெத்தை. சாவுக்குப் பிறகு எல்லோரும் சமம் என்று சொன்ன ஞானிகள் ரயிலில் போகாதவர்கள்.

அத்தாட்சி வேண்டுமா? அதுவும் உண்டு. மாலையில் சாமி மணியை அடிப்பார். பச்சைக் கொடியைத் தூக்கிப் பிடிப்பார். கூட்டம் மூச்சை அடக்கும். அப்போது, தண்டவாளமே இல்லாத அந்த இடத்தில், தூரத்தில் உறுமல் கேட்கும். மேடை அதிரும். செம்பில் வைத்த தண்ணீர் நடுங்கும். பெண்கள் "ஐயோ, எம் ராசா!" என்று அலறுவார்கள். சாமி கண்ணை மூடிக்கொண்டு யார் ஏறினார், யார் ஏறவில்லை என்று பெயர் சொல்லுவார். பிறகு விசில் ஊதிக் கொடியை இறக்குவார். உறுமல் அடங்கிப்போகும்.

மலைக்குள் இருக்கும் சுரங்கத்தில் அதே நேரத்தில் மாத்தளை ரயில் போகிறது என்பது அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஸ்டேஷன் திறந்திருந்த காலத்திலும் மேடை அப்படித்தான் அதிர்ந்தது. ஆனால் தெரிந்தவர்களில் ஒருவர் பூ விற்றார், ஒருவர் கற்பூரம் விற்றார், ஒருவர் செருப்புக்குக் காவல் இருந்தார். வாயைத் திறக்க யாருக்கும் நேரம் இல்லை.

படித்தவர்கள்? நகரத்தில் பேர்போன புரொக்டர் சுந்தரலிங்கம் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நீதிமன்றத்தில் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்து அழவைப்பவர். காலமான தாய்மாமனுக்கு முதலாம் வகுப்பு எடுத்தார். அதோடு நிற்காமல் தனக்கும் ஓர் இடம் முன்கூட்டியே பிடித்து வைத்தார்.

"மலைக்குள்ள மாத்தளை ரெயில் ஓடுறது எனக்குத் தெரியாதோ?" என்று அவர் ஒரு நண்பருக்கு விளக்கினார். "ஓம், அது ஓடுது. இதுவும் ஓடுது. ரெண்டும் ஒரே நேரத்தில ஓடக்கூடாது எண்டு சட்டம் இருக்கோ?"

அப்படி ஒரு சட்டம் இல்லை என்று நண்பர் ஒப்புக்கொள்ளவேண்டியதாயிற்று.

பாயிஸுக்கும் விஷயம் தெரியும். உயிரோடிருந்த பயணிகளை அந்த ஸ்டேஷனிடமிருந்து பறித்தவர், இப்போது செத்தவர்களை வழியனுப்ப வந்தவர்களை அதே ஸ்டேஷனுக்கு ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் தெல்தோட்டை வரை பஸ் விட்டார். பஸ்ஸின் கூரையிலும் ஆள். யாராவது, முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கிற மாதிரி, "நானா, அந்த ரயில் நிசந்தானா?" என்று கேட்டால், "நான் பஸ்காரன். ரயிலப் பத்தி என்கிட்ட கேக்காதீங்க" என்று சொல்லித் தப்பிவிடுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை அவரால் தப்ப முடியவில்லை.

அன்று காலையில் தெல்தோட்டைப் பக்கமிருந்து பஸ் இறங்கி வரும்போது, பாதையோரத்தில் ஒரு பெண் சிவப்புப் பசுவொன்றைப் பிடித்துக்கொண்டு நடந்து போனாள். பாயிஸ் பஸ்ஸை நிறுத்தினார். ராக்கம்மா. தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். புருசன் மூக்கையா காய்ச்சலில் போய்விட்டான். இதற்கு முன் இரண்டு தடவை அவருடைய பஸ்ஸில் சாமியிடம் வந்திருக்கிறாள்.

"எங்க போற, மாட்டையும் இழுத்துக்கிட்டு?"

"சாமிகிட்டத்தாங்க, நானா. மாட்ட பஸ்ஸுல ஏத்தமாட்டீங்கள்ல? அதான் நேத்தே பொறப்பட்டு நடந்து வர்றோம்."

"மாடு எதுக்கு?"

"அவருக்கு மூணாங்கிளாஸ் எடுத்தேங்க. காதுத் தோட்டைக் கழட்டிக் குடுத்துத்தான் எடுத்தேன். அவரு ஏறலையாம். சாகறப்ப காலு ரெண்டும் வீங்கியிருந்துச்சுல்ல, நின்னுக்கிட்டு எப்புடிப் போவாரு? ரெண்டாங்கிளாஸ் எடுத்தா உக்காந்து போவாராம். எங்கிட்ட வேற என்னாங்க இருக்கு? இந்த மாடுதான்."

"பால் வித்துத்தானே புள்ளைக்கி சோறு போடுற?"

"ஆமாங்க."

பாயிஸ் பஸ்ஸுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"ராக்கம்மா, ஒண்டு கேக்குறேன். மூக்கையாவ பொதச்சிட்டீங்க. ஒடம்பு மண்ணுக்குள்ள. அப்ப ஸ்டேஷன்ல நிக்கிறதுக்கு காலு எங்கால வந்திச்சி?"

ராக்கம்மா யோசித்தாள். நேர்மையாகவே யோசித்தாள்.

"காலு இல்லாட்டி எப்புடிங்க நானா வலிக்கும்?"

பஸ்ஸுக்குள் இருந்தவர்கள், நேரமாகிறது, மாட்டுக்காரியோடு என்ன பேச்சு என்று சத்தம் போட்டார்கள். பாயிஸ் பஸ்ஸை எடுத்தார். ஆனால் கண்டி வந்து சேரும்வரை கியரை மாற்றும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தார்.

கண்டிப் பெரிய ஸ்டேஷன் வாசலில் ஒரே கூச்சல். மாத்தளைக்குப் போகவேண்டியவர்கள் மூட்டை முடிச்சோடு பஸ்ஸைச் சூழ்ந்துகொண்டார்கள். விடாமல் பெய்த மழையில் சுரங்கத்தின் மறுபக்கம் மண் சரிந்து பாதையை மூடிவிட்டதாம். எப்போது அள்ளி முடியும் என்று ஒருவருக்கும் தெரியாது. இன்று ரயில் இல்லை.

ரயில் ஓடாத நாள் பஸ்காரனுக்குப் பெருநாள். பாயிஸ் மட்டும் அவர்களை வேறு பஸ் பார்க்கச் சொல்லிவிட்டு நேரே கித்துல்வத்தைக்குப் போனார்.

சாமிக்கு மண் சரிந்தது தெரியாது. வெள்ளிக்கிழமை பகலில் அவர் உலக விவகாரங்களைக் காதில் வாங்குவதில்லை; ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு மௌனத்தில் இருப்பார். மாலையில் வெளியே வந்தார். ராக்கம்மாவின் பசு அதற்குள் சாமான் கொட்டகையில் மற்றவர்கள் கொடுத்த ஆடு கோழிகளோடு கட்டப்பட்டிருந்தது. அவள் முதல் முறையாக இரண்டாம் வகுப்புக்காரர்களின் பாயில் கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

பாயிஸ் எழுந்து நின்றார்.

"சாமி, இன்டைக்கி ரயில் வருமா?"

"வரும், மகனே."

"மழையா ஈக்கிதே. எங்கயாவது மண் கிண் சரிஞ்சா?"

சாமி சிரித்தார். கூட்டமும் சிரித்தது.

"மண்ணுக்கும் மழைக்கும் அஞ்சுவது மனிதனின் ரயில். இது தர்மராஜனின் ரயில். நான் கொடி தூக்கினால் வரும். கொடி இறக்கினால் போகும். என் கொடி இல்லாமல் அது அசையாது."

"நல்லா செல்லுங்க சாமி, எல்லாருக்கும் கேக்கட்டும். ஒங்கட கொடி இல்லாம?"

"அசையாது!"

பாயிஸ் உட்கார்ந்துகொண்டார்.

சாமி மணி அடித்தார். கொடியைத் தூக்கினார். கூட்டம் மூச்சை அடக்கியது. கொஞ்ச நேரத்தில் விட்டுவிட்டு மறுபடியும் அடக்கியது. சாமி கொடியை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றினார். மறுபடி வலக்கைக்கு மாற்றினார். செம்புத் தண்ணீர் அசையாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டாம் தடவை மணி அடித்தார். ஓர் ஆடு பதில் சொன்னது.

"கூட்டத்தில் தீட்டு இருக்கிறது" என்றார் சாமி. "சந்தேகத் தீட்டு. ரயில் வாசல்வரை வந்து நிற்கிறது."

எல்லோருடைய கண்ணும் பாயிஸ் மேல் திரும்பியது. ஒருவன் அவருடைய சட்டையைப் பிடித்தான். "ஒன்னாலதான்டா எங்கம்மா போகல!" என்று கத்தினான். இன்னொருவன் தொப்பியைத் தட்டிவிட்டான். பாயிஸ் கையை ஓங்கவில்லை.

"சுரங்கத்துக்கு அங்கால மண் சரிஞ்சி ஈக்கிது. மாத்தளை ரயில் இன்டைக்கி இல்ல. அதுதான் இதுவும் இல்ல" என்றார்.

புரொக்டர் எழுந்தார். "அது வேற ரெயில், இது வேற ரெயில். நான் அப்பவே சொன்னனான்."

"சரி ஐயா, வேற வேற ரயில். அப்ப இது வரட்டுமே, யாரு தடுக்குற?"

சாமி நெற்றியைத் துடைத்தார். மண் சரிந்த செய்தி இப்போதுதான் அவர் காதில் விழுகிறது. ஆனாலும் தேர்ந்த ஆள், உடனே நிமிர்ந்தார். "இந்தத் தீட்டு கழிய ஒரு நாள் ஆகும். நாளை மாலை வரும்."

"நல்லம்" என்றார் பாயிஸ். "நாளைக்கி வரை எல்லாரும் இருப்போம். பஸ்ஸும் இங்கதான் நிக்கும். சாப்பாடு என்ட செலவு. வராட்டி சாமி என்ன செல்றாருண்டு அவருக்கிட்டயே கேளுங்க. சாமி கொடி தூக்கி ரயில் வந்தா என்னை இதே மணியில கட்டித் தொங்கவிடுங்க. ஒண்டே ஒண்டு. சாமி எங்கட கண் முன்னாலயே ஈக்கோணும். கொடி இந்தத் தங்கச்சிட கையில ஈக்கட்டும். சாயங்காலம் சாமி கேட்டா குடுக்கட்டும்."

ராக்கம்மா திடுக்கிட்டாள். சாமி மறுக்க வாயெடுத்தார். ஆனால் பக்தர்கள் முந்திக்கொண்டார்கள். சாமி நம்மோடு ஒரு ராத்திரி! இப்படி ஒரு பாக்கியம் கிடைக்குமா? அவர் காலைப் பிடித்துக்கொண்டார்கள். கொஞ்சம் காற்றாட நடந்துவிட்டு வருகிறேன் என்றால் நாற்பது பேர் கூடவே நடந்தார்கள். பக்தி என்பது வாசல் இல்லாத அறை என்பதைச் சாமி அப்போதுதான் கண்டார்.

மறுநாள் மழை விட்டது. பாயிஸ் சொன்னபடி பகல் சாப்பாடு வந்தது. அவித்த மரவள்ளி, சம்பல், சோறு, கருவாட்டுக் குழம்பு. சாமி நேற்றைய களைப்பில் நன்றாகவே சாப்பிட்டார். இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டு, குழம்பை ஊற்றிப் பிசைந்தார்.

உறுமல் கேட்டது.

முதலில் யாரும் நம்பவில்லை. மாலை ஆகவில்லை. மணி அடிக்கவில்லை. பிறகு மேடை அதிர்ந்தது. வழக்கத்தைவிட மெதுவாக, வழக்கத்தைவிடக் கனமாக அதிர்ந்தது. செம்பில் தண்ணீர் நடுங்கியது. ராக்கம்மா மடியைப் பார்த்தாள். கொடி சுருட்டியபடியே மடியில் கிடந்தது.

புரொக்டர் இலையைத் தள்ளிவிட்டு எழுந்தார். "சாமி! ரெயில் வந்திட்டுது! கொடி காட்டேல்லையே! என்ர மாமா நிக்கிறார் சாமி, மாமா!"

சாமி வாயில் சோறு. தலையைக்கூடத் தூக்கவில்லை.

"சும்மா ஒக்காருங்க ஐயா, அது கூட்ஸு."

சொல்லி முடித்த பிறகுதான் கை பாதி வழியில் நின்றது.

மலைக்குள்ளே சாமான் ரயில் நிதானமாகப் போய் முடிந்தது. ராஜலிங்கம் எங்கோ ஒரு சாமான் கொட்டகையில் சில வருடம் மூட்டை தூக்கியவர் என்பது பின்னால் தெரிந்தது. எத்தனை தவம் செய்தாலும் பழைய தொழில் ஆளை விடுவதில்லை.

ராக்கம்மா எழுந்தாள். கொடியைச் சாமியின் இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். கொட்டகைக்குப் போய்ப் பசுவின் கயிற்றை அவிழ்த்தாள். அதைப் பார்த்துத்தான் மற்றவர்களுக்கு உயிர் வந்தது. ஆடு கொடுத்தவர் ஆட்டுக்கு ஓடினார், கோழி கொடுத்தவர் கோழிக்கு ஓடினார், ஒன்றும் கொடுக்காத இரண்டு பேரும் கோழிக்கு ஓடினார்கள். இந்தச் சந்தடியில் சாமி பின்சுவர் ஏறிக் குதித்துவிட்டார்.

அன்று மாலையே அகப்பட்டார். ஆயிரம் பேரை ஏமாற்றியதற்காக அல்ல. செத்தவனுக்கு ஆசனம் விற்றால் என்ன தண்டனை என்று சட்டத்தில் எழுதியிருக்கவில்லை. மாத்தளை ரயிலில் டிக்கெட் எடுக்காமல் போனதற்காகப் பிடித்தார்கள். அவருக்காக வாதாட புரொக்டர் சுந்தரலிங்கம் முன்வந்தார் என்றும், சாமியை அல்ல, நம்பிக்கையைத்தான் கூண்டில் ஏற்றியிருக்கிறார்கள் என்று பேசினார் என்றும் கேள்வி. கித்துல்வத்தை ஸ்டேஷனின் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் அரசாங்கம் செங்கல் வைத்து அடைத்தது. பூக்காரர் வேறு இடம் தேடிப் போனார். தெல்தோட்டைப் பாதையில் பாயிஸின் பஸ் பாதி காலியாக ஓடியது.

ஒரு நாள் அந்தப் பாதி காலி பஸ்ஸை ராக்கம்மா கை காட்டி நிறுத்தினாள். பாற்செம்பு ஒன்றை நீட்டினாள். வாங்கிக் குடிக்கும்வரை நின்றாள்.

"நானா, ஒண்ணு கேக்கலாங்களா? ஸ்டேஷன்ல இல்லேன்னா, அவரு இப்ப எங்கதாங்க இருக்காரு?"

பாயிஸ் செம்பைத் திருப்பிக் கொடுத்தார். தெரிந்த மாதிரி ஏதாவது ஆறுதல் சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் இருந்தவர்கள் அதைத்தான் எதிர்பார்த்தார்கள்.

"எனக்கு தெரியா, தங்கச்சி."

"ஒங்களுக்குமா?"

"தெரியாண்டு செல்றவன் ஒன்ட மாட்டைக் கேக்கமாட்டான். தெரியும்டு செல்றவன்தான் கேப்பான்."

அவள் கொஞ்ச நேரம் நின்று யோசித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாயங்காலப் பால் கறக்க நேரமாகிவிட்டது என்று மேட்டில் ஏறிப்போனாள்.

எழுதப் படிக்கத் தெரியாத ராக்கம்மாவுக்கு இது புரிய அவ்வளவு நேரம் போதுமாக இருந்தது. படித்தவர்களுக்கும் அதே நேரம் போதும். ஆனால் முதலில் யோசிக்கத் தொடங்கவேண்டும். உங்கள் துக்கத்துக்கு ஒருவர் பதில் சொல்ல வந்தால், அவர் வாயைப் பார்க்காதீர்கள். கை நீளுகிறதா என்று பாருங்கள்.